வெள்ளம் புகுந்த வீட்டைக் காயவைப்பது: அமெரிக்காவில் சூறாவளிக்குப் பின் திருச்சபைக் குழுவோடு முதன்முறை போகிறவர்களுக்கு

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளைச் சுத்தம் செய்தவர்களுக்கு ஒரு கணக்கு மனதில் இருக்கும். சேற்றை வாரி வெளியே போட்டு, தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவி, சுவர் காய்ந்தபின் வெள்ளையடித்தால் குடியேறிவிடலாம். செங்கல்லும் சிமெண்டும் அதற்கு இடம் கொடுக்கும். அமெரிக்காவின் தென்கரை வீடுகள் கொடுக்காது. அங்கே பெரும்பாலான வீடுகளில் சுவர் என்பது 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்திய மரச்சட்டங்கள். அவற்றின் உட்புறம் அரை அங்குலக் கனத்தில் ஜிப்சம் பலகை, அதன் இரு முகத்திலும் காகிதம், சட்டங்களுக்கு நடுவே கண்ணாடியிழைப் பஞ்சு. அந்தப் பலகையைத்தான் டிரைவால், ஷீட்ராக் என்கிறார்கள். தண்ணீர் இரண்டடி நின்றால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈரம் அதற்கு மேலும் ஓரடி, இரண்டடி ஏறிவிடும். உள்ளிருக்கும் பஞ்சு நீரை விடாமல் பிடித்துவைத்திருக்கும். காகிதம் பூஞ்சைக்குத் தீனி. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே, வெளிப்பார்வைக்குச் சுத்தமாகத் தெரிகிற சுவரைக்கூடத் திறக்க வேண்டும். நனைந்ததை எல்லாம் எடுத்து, மரம் வரைக்கும் வெறுமையாக்கி, அந்த மரத்தைக் காயவைக்க வேண்டும். சபைக் குழுக்கள் அங்கே செய்யும் முதன்மையான வேலை இதுதான். 'மக் அவுட்' என்றும் 'மட் அவுட்' என்றும் சொல்வார்கள். கூலிக்கு ஆள் வைத்தால் பல ஆயிரம் டாலர் ஆகும்; வெள்ளக் காப்பீடு இல்லாத முதியவருக்கு அது எட்டாத தொகை. பத்துப் பேர் இரண்டு நாள் முறையாக உழைத்தால் ஒரு வீட்டைக் காப்பாற்றிவிடலாம். முறையில்லாமல் உழைத்தால் அந்த வீட்டுக்காரருக்கு அதுவே இன்னொரு நஷ்டம்.

யாரோடு போவது

செய்தியில் படம் பார்த்ததும் காரில் தண்ணீர் புட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பத் தோன்றும். தயவுசெய்து கிளம்பாதீர்கள். முதல் சில நாட்கள் மீட்புப் படையினருக்கும் மின்துறை ஊழியர்களுக்கும் உரியவை. பெட்ரோலும் படுக்கையும் குடிநீரும் தட்டுப்பாடாக இருக்கிற ஊரில், அழைப்பில்லாமல் வருகிறவருக்கும் சேர்த்துச் சோறு தேட வேண்டியிருக்கும்.

1969இல் கமீல் சூறாவளி வந்தபோது, உதவிக்குப் போன அமைப்புகளில் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியவில்லை. ஒரே வேலையைப் பலர் செய்தார்கள், பல வேலைகளைச் செய்ய ஆளில்லை. அந்தப் பாடத்திலிருந்து 1970இல் பேரிடர்த் தன்னார்வ அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்பு உருவானது. இன்று ஒவ்வொரு திருச்சபைப் பிரிவுக்கும் கைவந்த வேலை என்று ஒன்று உண்டு. தென் பாப்டிஸ்டுகள் 1967இல் டெக்சஸைத் தாக்கிய பியூலா சூறாவளியின்போது தொடங்கினார்கள். நடமாடும் சமையற்கூடம், சங்கிலி ரம்பம், மக் அவுட், குளியல் வண்டி எல்லாவற்றுக்கும் அவர்களிடம் பயிற்சி பெற்ற குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் சமைப்பதைச் செஞ்சிலுவைச் சங்க வண்டிகள் தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் கொடுக்கும். 1950இல் தொடங்கிய மென்னோனைட் பேரிடர்ச் சேவையினர் வீடு திரும்பக் கட்டுவதில் தேர்ந்தவர்கள். மெதடிஸ்டுகள் துப்புரவுப் பொருள்கள் நிரப்பிய வாளிகளுக்கும், பாதிக்கப்பட்ட குடும்பங்களை வழிநடத்தும் பணிக்கும் பேர்போனவர்கள். அட்வென்டிஸ்டுகள் நன்கொடைப் பொருள் கிடங்குகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். பிரெத்ரன் சபையினர் முகாமில் குழந்தைகளைக் கவனிக்கும் சேவையை 1980 முதல் நடத்துகிறார்கள். கத்தோலிக்க, லுத்தரன், பிரெஸ்பிட்டேரியன் அமைப்புகளும், சமாரிட்டன்ஸ் பர்ஸ் போன்ற தனி அமைப்பும் உண்டு.

நீங்கள் போகும் தமிழ்ச் சபை எந்தப் பிரிவோடு இணைந்ததோ அதன் பேரிடர்ப் பொறுப்பாளரைப் போதகர் மூலம் தொடர்புகொள்ளுங்கள். எதோடும் இணையாத தனிச் சபையானால் அருகிலுள்ள பெரிய சபையின் குழுவில் சேர்ந்துகொள்ளலாம். புயல் வருமுன்னே பயிற்சி எடுத்துவைப்பது நல்லது. ஒரு நாள் பயிற்சி, பின்புலச் சோதனை, அடையாள அட்டை ஆகியவைதான் பெரும்பாலும் கேட்பார்கள். பயிற்சி இல்லாதவர்களையும் பல அமைப்புகள் ஒருநாள் தன்னார்வலராகச் சேர்த்துக்கொண்டு, காலையில் பாதுகாப்பு விளக்கம் கொடுத்து அனுப்புகின்றன. தனியாகப் போகிறவருக்கு எந்த அமைப்பின் விபத்துக் காப்பீடும் கிடையாது என்பதை மறக்காதீர்கள்.

எந்த வீட்டுக்குப் போவது என்பதையும் நீங்கள் முடிவு செய்வதில்லை. வீட்டுக்காரர்கள் 'கிரைசிஸ் கிளீனப்' என்ற உதவி எண்ணை அழைத்துத் தேவையைப் பதிவு செய்வார்கள். அது வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும். தன்னால் முடிந்த வேலையை ஒரு குழு எடுத்துக்கொண்டதும் மற்றக் குழுக்களுக்கும் அது தெரியும். வேலைச் சீட்டு இல்லாமல் பக்கத்து வீட்டில் நுழைய வேண்டாம். அங்கிருப்பவர் உங்களிடம் கேட்டால் பெயர், முகவரி, தேவை மூன்றையும் எழுதிக் குழுத் தலைவரிடம் கொடுங்கள்.

கிளம்புமுன்

டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆகிறது என்று பாருங்கள். பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் போட்டுக்கொண்டு போங்கள். காலிலோ கையிலோ ஆறாத புண் இருந்தால் தேங்கிய நீரிலும் சேற்றிலும் இறங்கவே கூடாது. மெக்சிகோ வளைகுடாக் கரையின் உப்புக் கலந்த நீரில் விப்ரியோ வல்னிஃபிக்கஸ் என்ற கிருமி உண்டு. 2022இல் இயன் சூறாவளிக்குப் பின் ஃபுளோரிடாவில் அந்தத் தொற்று கூடியது. சர்க்கரை நோயும் கல்லீரல் கோளாறும் உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டவர்கள் சமையற்கூடத்திலும் கிடங்கிலும் தொலைபேசியிலும் பணிசெய்யலாம். அந்த இடங்களில் எப்போதும் ஆள் பற்றாது.

உடுப்பு: முழுக்கால் சட்டை, முழுக்கை மேல்சட்டை, ஆணி ஏறாத அடிப்பாகமுள்ள பூட்ஸ். துணிக் காலணியோடு வருகிறவர்களைப் பல தலைவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது சரியான முடிவு. தரைவிரிப்பை உரித்ததும் சுவரோரம் நெடுக ஆணி நிமிர்ந்த பட்டைகள் இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, என்95 முகமூடி, தோல் கையுறை, அதற்குள் போட ரப்பர் கையுறை ஆகியவை ஒவ்வொருவருக்கும் வேண்டும். வேர்வையில் முகமூடி நனைந்துவிடும், ஆகவே நாளொன்றுக்கு இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். தாடி வைத்திருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாது, தூள் உள்ளே போகும்.

எட்டுப் பேர் குழுவுக்கு ஒரு வீட்டில் வேண்டியவை: தட்டை மண்வெட்டி 4, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி 2, சுத்தியல் 4, தட்டை நெம்புகோல் 4, ஆணி பிடுங்கும் கோல் 2, கத்தியும் ஒரு பெட்டி மாற்று அலகும், சுண்ணாம்புக் கயிறு 1, பேட்டரி டிரில் 2, மின்சோதனைக் கருவி 1, பழைய துணி, அகல ஒட்டுநாடா, 42 காலன் கொள்ளும் தடித்த குப்பைப் பைகள் குறைந்தது 50. தரையில் உருட்டும் காந்தம் ஒன்றைப் பலர் மறந்துவிடுவார்கள். அது இல்லாமல் போகவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

காலைக் கையெழுத்து

வந்த நேரத்தையும் போன நேரத்தையும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். 'ஆண்டவருக்குச் செய்கிறதற்குக் கணக்கு எதற்கு' என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். சாலை, பொதுக் கட்டடம், இடிபாடு அகற்றல் போன்ற செலவில் குறைந்தது 75 சதவீதத்தை மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமா ஏற்கும். மிச்சம் மாநிலத்தின், உள்ளூர் நிர்வாகத்தின் தலையில் விழும். தன்னார்வலர்கள் உழைத்த மணிநேரத்தைப் பணமதிப்பாக்கி அந்த மிச்சப் பங்கில் கழித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. பெயர், மணி, இடம், செய்த வேலை நான்கும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். ஏழைச் சிற்றூருக்கு உங்கள் கையெழுத்தே ஒரு காணிக்கை.

வீட்டு வாசலில்

கருவிகளை வண்டியிலேயே விட்டுவிட்டு முதலில் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். தென் மாநிலங்களில் மூத்தவர்களை 'சார்', 'மேம்' என்று அழைப்பது மரபு. லூசியானா பக்கம் 'மிஸ்' என்று சொல்லிப் பெயரைச் சேர்ப்பார்கள். அவர் சொல்லும்வரை வெறும் பெயர் வேண்டாம்.

தலைவர் அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார். கையெழுத்துப் போடுகிறவர் வீட்டின் உரிமையாளராக இருக்க வேண்டும். வாடகைக்காரர் சம்மதித்தார் என்று சுவரை உடைத்தால் வழக்கு வரும். வாடகை வீடானால் குடியிருப்பவரின் பொருள்களை எடுத்துவைக்க மட்டும் உதவலாம்.

அடுத்து, தலைவர் உள்ளே போய்ப் பார்த்து அனுமதித்ததும், படங்கள். எதையும் வெளியே எடுக்குமுன் ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்து படமெடுக்க வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் பக்கத்தில் அளவுநாடா வைத்து எடுங்கள். குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், தொலைக்காட்சி ஆகியவற்றின் மாடல் எண், தொடர் எண் ஒட்டுச்சீட்டையும் எடுங்கள். தரைவிரிப்பிலும் தரைப்பலகையிலும் சுவர்ப்பலகையிலும் ஒரு சிறு துண்டு வெட்டிப் பையில் போட்டு வீட்டுக்காரரிடமே கொடுங்கள். தேசிய வெள்ளக் காப்பீட்டில் இழப்புச் சான்றை 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஃபீமா உதவிக்கு விண்ணப்பிக்கவும் பேரிடர் அறிவிப்பிலிருந்து பொதுவாக 60 நாள்தான். பெரிய பேரிடர்களில் நீட்டிப்பார்கள், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. ஆர்வத்தில் எல்லாவற்றையும் சாலையோரம் கொட்டிவிட்டால், மறுநாள் மதிப்பீட்டாளர் வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதற்கு மிஞ்சியதில்லை.

எதை எடுக்க வேண்டாம் என்று கேளுங்கள். புகைப்படம், குடும்ப வேதாகமம், பட்டாளப் பதக்கம், நகை, மருந்து, துப்பாக்கி ஆகியவை எங்கே இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியைக் கண்டால் தொடாமல் தலைவரைக் கூப்பிடுங்கள், வீட்டுக்காரரே எடுக்கட்டும். நனைந்த புகைப்படங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிய்க்காமல் சுத்தமான நீரில் மெல்ல அலசி, முகம் மேலே பார்க்க நிழலில் பரப்பினால் பல தப்பிக்கும். ஒரு வீட்டுக்கு ஒருவர் இந்த வேலைக்கே இருந்தால்கூட அதை வீண் என்று நினைக்காதீர்கள்.

உள்ளே போகுமுன் பார்க்க வேண்டியவை

தலைவர் மட்டும் முதலில் உள்ளே போவார். கூரை தொங்குகிறதா, தரை அமுங்குகிறதா, எரிவாயு மணக்கிறதா, அடித்தளத்தில் விரிசல் உண்டா என்று பார்ப்பார். பிரதான மின்விசை அணைத்திருக்க வேண்டும். அந்தப் பெட்டியைத் தொட நீரில் நிற்க வேண்டியிருந்தால் யாரும் தொடக் கூடாது, மின்வாரிய ஆள் வரவேண்டும். குளிரூட்டியையும் போடாதீர்கள், குழாய்களில் பூஞ்சை இருந்தால் வீடு முழுக்க ஊதிவிடும்.

1978க்கு முந்தைய வீடானால் பெயின்டில் ஈயம் இருக்கலாம். பழைய தரை ஓடுகளிலும் பொரிபோல் மேடுபள்ளமான கூரைப் பூச்சிலும் கல்நார் இருக்கலாம். அங்கே சுரண்டுவதும் அறுப்பதும் பயிற்சி பெற்றவர் வேலை.

ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடிக்கு அப்பால், புகைவாய் வீட்டைப் பார்க்காமல் இருக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தின் கதவு திறந்திருக்கிறதே என்று உள்ளே வைத்து இறந்தவர்கள் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

நிலவறையில் நீர் நின்றால் ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். வெளியே மண் ஊறிக் கனத்திருக்கும். உள்ளே இருக்கிற நீர்தான் சுவரைத் தாங்கி நிற்கிறது. முதல் நாள் ஓரடி மட்டும் இறைத்து, நீர் மட்டத்தில் கோடு போட்டு, மறுநாள் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தால் இன்னும் காலம் வரவில்லை. ஏறவில்லையென்றால் இரண்டு மூன்றடி இறைத்து மீண்டும் ஒரு இரவு விடுங்கள்.

பாம்பு ஈரமில்லாத உயரம் தேடி அலமாரியில் ஏறியிருக்கும். 2017இல் ஹார்வி வெள்ளத்தில் ஹூஸ்டன் பக்கம் நெருப்பெறும்புகள் பந்தாகத் திரண்டு நீரில் மிதந்து வந்தன. கையை விடுமுன் குச்சியை விடுங்கள்.

வேலை வரிசை

முதலில் நடைவழி. வாசலிலிருந்து கடைசி அறை வரைக்கும் தள்ளுவண்டி போக வழி உண்டாக்குங்கள். அதற்கு ஆகும் அரைமணி நேரம் நாள் முழுக்கப் பலன் தரும்.

பிறகு சாமான்கள். மெத்தை, சோபா, அழுத்துப் பலகை மேசைகள் எல்லாம் போகும். திடமரம், உலோகம், பீங்கான், கண்ணாடி தப்பும். ஐயமிருந்தால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். குளிர்பதனப் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். வாரக்கணக்கில் மின்சாரமின்றி அழுகிய இறைச்சியின் நாற்றம் வீட்டை விட்டுப் போகாது. மூடியபடி ஒட்டுநாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, பட்டை கட்டிய வண்டியில் வெளியேற்றுங்கள். 2005இல் கத்ரினாவுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் அப்படிச் சுற்றிய பெட்டிகள் வரிசையாக நின்றன.

தரைவிரிப்பை முழுதாகத் தூக்க முயன்றால் முதுகு போய்விடும், நனைந்த விரிப்பு அவ்வளவு கனம். மூன்றடி அகலப் பட்டைகளாகக் கத்தியால் கீறிச் சுருட்டி, இருவராகத் தூக்குங்கள். அடியிலுள்ள நுரைமெத்தை, ஆணிப்பட்டை எல்லாம் எடுக்க வேண்டும். மேலே நன்றாகத் தெரியும் லேமினேட், வினைல் பலகைகளுக்கு அடியில் நீர் நிற்கும், அவையும் போகும். சேறு ஈரமாக இருக்கும்போதே தட்டை மண்வெட்டியால் தள்ளி எடுத்துவிடுங்கள். காய்ந்தால் கல்லாகும், தூளாகி மூக்கில் ஏறும். 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி கடலிலிருந்து வெகுதூரத்திலுள்ள வட கரோலினாவின் மலைப்பகுதியில் ஆறுகளைப் பெருக்கியபோது, பல வீடுகளில் நீரைவிட வண்டல் மண்ணே பெரும்பாடாக இருந்தது.

இப்போது சுவர். இங்கே நிதானம் வேண்டும்.

தண்ணீர்க் கோட்டுக்கு மேல் குறைந்தது ஓரடி, முடிந்தால் இரண்டடி வரை வெட்டி எடுக்க வேண்டும். ஆனால் பலகை விற்பனைக்கு வருவது 4 அடிக்கு 8 அடி அளவில். ஆகவே நீர் இரண்டு மூன்றடிக்குள் நின்றிருந்தால் நேராக 4 அடியில் வெட்டுவார்கள். துல்லியமாகச் சொன்னால் 48½ அங்குலத்தில். அந்த அரை அங்குலம், புதிய பலகை தரையைத் தொடாமல் நிற்பதற்கான இடைவெளி. ஒரு வீட்டில் 41 அங்குலம், 44 அங்குலம் என்று கைபோனபடி வெட்டிவிட்டால், பின்னால் கட்டவரும் குழு ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே அறுக்க வேண்டும். நீர் அதற்கு மேல் போயிருந்தால் கூரைவரை எடுத்துவிடுங்கள், பாதியை விட்டுவைப்பதில் லாபமில்லை.

சுவிட்சுப் பெட்டிகளின் மூடிகளைக் கழற்றுங்கள். தரையோரச் சட்டத்தை நெம்பி எடுங்கள். சுண்ணாம்புக் கயிற்றைத் தட்டி நேர்கோடு போட்டு, கத்தியால் இரண்டு மூன்று முறை ஆழமாகக் கீறுங்கள். மின்ரம்பம் பயன்படுத்துகிறவர் அலகின் ஆழத்தை அரை அங்குலத்துக்கு மேல் விடக் கூடாது. சுவருக்குள் மின்கம்பி சட்டத்தைத் துளைத்துக்கொண்டு படுக்கையாக ஓடும். சமையலறையிலும் குளியலறையிலும் நீர்க்குழாய் நிற்கும். கோட்டுக்குக் கீழே, சட்டங்களுக்கு நடுவில் சுத்தியலால் ஒரு ஓட்டை போட்டு, கைநுழைத்துத் தன்பக்கமாக இழுத்தால் பெரிய துண்டாக வரும். கண்டபடி அடித்து நொறுக்கினால் தூளும் அள்ளும் வேலையும் மூன்று மடங்கு. உற்சாகத்தில் இளைஞர்கள் சுவரை உதைப்பார்கள். அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பது யாருடைய வீடு என்று ஒருமுறை சொல்லிவையுங்கள்.

பஞ்சைக் கோட்டுக்கு மேலும் தொட்டுப் பார்த்து, நனைந்தது எல்லாம் வரும்வரை எடுங்கள். பையைப் பாதிதான் நிரப்ப வேண்டும், நிரம்பிய ஈரப்பையை ஒருவரால் தூக்க முடியாது. சமையலறையில் கீழ் அலமாரிகள் போகும். மேல் அலமாரிகளை நீர் தொடாவிட்டால் விட்டுவிடலாம். கல் மேடையானால் நான்கு பேர் சேர்ந்துதான் நகர்த்த வேண்டும். கழிப்பறைக் கோப்பையை எடுத்ததும் குழாய் வாயில் துணியை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாக்கடை வாயு வீட்டுக்குள் வரும்.

கடைசியாக ஆணிகள். சட்டங்களில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு ஆணியும் திருகாணியும் வெளியே வரவேண்டும். மாலையில் எல்லோரும் களைத்திருக்கும்போது வரும் வேலை இது, அதனால்தான் தவறுகிறது. ஒரு ஆணி துருத்தி நின்றாலும் புதிய பலகை சட்டத்தோடு ஒட்டாது, பின்னால் விரிசல் விடும். உள்ளங்கையால் தடவாமல் நெம்புகோலின் தட்டைப் பக்கத்தைச் சட்டத்தின்மேல் ஓட்டினால் மிச்ச ஆணி தட்டுப்படும். பிறகு வாசலிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் காந்தத்தை உருட்டுங்கள். அந்த வீட்டுக்காரரின் காருக்கு ஒரு டயர் போனால் அவருக்கு அன்றைக்கு அதுவே கடைசி அடியாக இருக்கும்.

உயரத் தூண்களில் நிற்கும் வீடுகளில் தரைக்கு அடியிலும் பஞ்சு இருக்கும். அதையும் இழுத்து எடுத்தால்தான் தரைமரம் காயும். குறுகலான இடம், பாம்பும் உடைந்த கம்பியும் உண்டு. பழகியவர்கள் மட்டும், வெளியே ஒருவர் காவல் நிற்க, இறங்க வேண்டும்.

கழுவுதலும் காயவைத்தலும்

சட்டங்களைச் சவர்க்கார நீரால் தேய்த்துச் சேற்றைப் போக்குங்கள். கண்ணுக்குத் தெரியும் பூஞ்சையைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, நுண்வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சியால் எடுத்துவிட்டு, குழு கொண்டுவந்த கிருமிநாசினியைத் தெளியுங்கள். புட்டியில் எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நிமிடம் விட வேண்டும். பிளீச் மட்டும்தான் இருக்கிறதென்றால் ஒரு காலன் நீருக்கு ஒரு கப்புக்கு மேல் வேண்டாம். அதை அம்மோனியாவோடோ வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தோடோ கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

பிறகு காத்திருப்பு. மின்விசிறியும் ஈரமுறிஞ்சியும் வைத்து, ஈரமானியால் சட்டங்களைக் குத்திப் பார்க்க வேண்டும். 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை சுவரை மூடக் கூடாது. இரண்டு மூன்று வாரமாவது ஆகும். வளைகுடாவின் புழுக்கத்தில் இன்னும் கூடும். ஈரமுறிஞ்சி ஓடும்போது சன்னலை மூடிவையுங்கள், இல்லாவிட்டால் அது ஊர் முழுவதையும் காயவைக்கப் பார்க்கும். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கிற மரத்தின் உள்ளே 25 சதவீதம் இருக்கும். அவசரப்பட்டு மூடிய சுவர் ஆறு மாதத்தில் மறுபடி கறுத்துவிடும், எல்லாவற்றையும் மீண்டும் உடைக்க வேண்டும். ஒவ்வொரு முறை அளந்ததும் தேதியையும் அளவையும் சட்டத்தின் மேலேயே பேனாவால் எழுதிவிட்டு வாருங்கள். அடுத்து வரும் குழு வேறு மாநிலத்தவராக இருக்கும், தாள் தொலைந்துபோகும், சட்டம் அங்கேயே நிற்கும்.

சாலையோரக் குவியல்

ஆறு குவியல் வேண்டும்: மரம் செடி, கட்டட இடிபாடு, பெரிய வீட்டுச் சாதனங்கள், மின்னணுப் பொருள், பெயின்ட் பூச்சிமருந்து போன்ற ஆபத்துப் பொருள், அன்றாடக் குப்பை. கலந்து கொட்டினால் அள்ளும் லாரி விட்டுவிட்டுப் போய்விடும். மின்கம்பிக்குக் கீழேயும், தீயணைப்புக் குழாய், மீட்டர், தபால் பெட்டி, வடிகால் ஆகியவற்றின் மேலேயும் கொட்டக் கூடாது. லாரி வீட்டு வளாகத்துக்குள் வராது, சாலை விளிம்பில் இருப்பதை மட்டும் அள்ளும்.

கூரைக்குத் தார்ப்பாய் கட்டுவதும் சங்கிலி ரம்பமும் புதியவர் வேலையல்ல. கீழே நின்று கட்டை எடுத்துக் கொடுக்கலாம், வெட்டிய கிளைகளை இழுக்கலாம். வளைந்து இறுகிய கிளை அறுபட்டதும் வில்லாக அடிக்கும், ரம்பக்காரர் கைகாட்டும்வரை கிட்டப் போகாதீர்கள். தார்ப்பாயைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அது கூரை முகட்டைத் தாண்டி மறுபக்கம் மூன்று நான்கடி போக வேண்டும், ஓரத்தை மரப்பட்டையில் சுற்றித் திருகாணி போட வேண்டும். முகட்டுக்குக் கீழேயே நிறுத்தினால் மழைநீர் மேலோரத்தின் வழியே உள்ளே போகும்.

வெயிலில் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கப் நீர் குடியுங்கள், தாகம் எடுக்காவிட்டாலும். யாராவது பேச்சுக் குழறினால், வேர்வை நின்றுபோனால், வேலையை நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து அவசர எண் 911ஐ அழையுங்கள்.

கேட்பது

ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கருவி எடுக்காமல் வீட்டுக்காரரோடு உட்கார வேண்டும். 'உயிராவது தப்பித்ததே' என்றும் 'இதிலும் ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கும்' என்றும் சொல்லாதீர்கள். அதை அவர் சொல்லலாம், நாம் சொல்லக் கூடாது. ஜெபிக்கலாமா என்று ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் மாறாமல் வேலையைத் தொடருங்கள். வீட்டுக்காரர் எந்த மதம், எந்தக் கட்சி, என்ன ஆவணம் வைத்திருக்கிறார் என்பதற்கும் வேலைச் சீட்டுக்கும் தொடர்பில்லை. பல குழுக்கள் கிளம்பும்போது எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு வேதாகமத்தைக் கொடுக்கும்; அதையும் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். அவரையோ அவருடைய வீட்டையோ எடுத்த படத்தை அனுமதியின்றி உங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள்.

ஊரிலிருந்து பழைய துணி சேர்த்து அனுப்பலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிரிக்க ஆளில்லாமல் அவை மழையில் நனைந்து குப்பையாகின்றன. பேரிடர்ப் பணியில் இருப்பவர்கள் அதை 'இரண்டாம் பேரிடர்' என்றே அழைக்கிறார்கள். பணம் அனுப்பலாம். பொருளாகவே தர வேண்டுமென்றால் துப்புரவு வாளி: மூடியுள்ள 5 காலன் வாளியில் சலவைத் திரவம், பாத்திரச் சோப்பு, தூரிகை, பஞ்சு, கையுறை, முகமூடி, குப்பைப் பை, கொடிக்கயிறு, துணிக் கிளிப், கொசு விரட்டி. மெதடிஸ்டு அமைப்பின் பட்டியலில் உள்ள அளவும் எண்ணிக்கையும் மாறாமல் போடுங்கள், எல்லா வாளியும் ஒன்றுபோல் இருந்தால்தான் திறந்து பார்க்காமல் அனுப்ப முடியும்.

ஆறு மாதம் கழித்து

தொலைக்காட்சி வண்டிகள் இரண்டு வாரத்தில் போய்விடும். கத்ரினாவுக்குப் பின் வீடு கட்டும் பணி பத்தாண்டு நீடித்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் சபைகளும் அமைப்புகளும் சேர்ந்து நீண்டகால மீட்புக் குழு ஒன்றை அமைக்கும். குடும்பத்துக்கு என்ன கிடைத்தது, என்ன குறைகிறது என்பதைக் 'கேஸ் மேனேஜர்' எனப்படும் குடும்பப் பொறுப்பாளர் ஆராய்வார். காப்பீடு, ஃபீமா, அரசுக் கடன் எல்லாம் போக மிஞ்சிய தேவையை அந்தக் குழுவின் மேசையில் வைப்பார். ஒரு சபை பொருளுக்குப் பணம் தரும், இன்னொன்று ஆள் தரும். நேரடியாக ஒரு குடும்பத்தின் கையில் பணம் கொடுக்க நினைத்தால் முதலில் அந்தப் பொறுப்பாளரைக் கேளுங்கள். ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் உதவி வாங்கியதாக ஆகிவிட்டால், அரசுத் தொகையைத் திருப்பிக் கட்டும்படி அந்தக் குடும்பத்துக்குக் கடிதம் வரக்கூடும்.

இந்தக் கட்டத்தில்தான் ஆள் கிடைப்பதில்லை. புதியவர்களுக்கு ஏற்ற வேலையும் இங்கேதான் நிறைய: பலகை பொருத்துவது, இணைப்பில் பசை பூசித் தேய்ப்பது, பெயின்ட், தரைப்பலகை. ஒரு வாரப் பணிக்கு எட்டுப் பேர் குழுவாக, மூன்று மாதம் முன்னதாகவே மீட்புக் குழுவிடம் தேதி கேட்டுப் பதியுங்கள். தங்குவது பெரும்பாலும் ஏதாவது சபையின் ஞாயிறு பள்ளி அறையாக இருக்கும், காற்றுமெத்தையும் போர்வையும் உங்களுடையது. முடிந்தால் முதலில் சுவரைத் திறந்த அதே வீட்டைக் கேட்டுப் பாருங்கள். சட்டத்தின் மேல் நீங்கள் எழுதிய தேதி அங்கே இருக்கும். அதன்மேல் பலகையை வைத்துத் திருகாணியை முடுக்குமுன் ஈரமானியை இன்னொரு முறை குத்திப் பாருங்கள்.